குழந்தைகளுக்கான தோல் பராமரிப்புப் பொருட்களின் பாதுகாப்பு மதிப்பீடு

குழந்தைகளுக்கான தோல் பராமரிப்புப் பொருட்களின் பாதுகாப்பு மதிப்பீடு என்பது குழந்தைகளின் தோலில் பூசப்படும் பவுடர், எண்ணெய், களிம்பு, சோப்பு, ஷாம்பு போன்றவற்றில் உள்ள ஒவ்வொரு சேர்பொருளும் குழந்தையின் உடலுக்குத் தீங்கு விளைவிக்குமா என்பதை ஆராய்ந்து அறியும் முறை ஆகும். இது நச்சியல், தோல் மருத்துவம், குழந்தை மருத்துவம், சட்டம் ஆகிய துறைகள் சந்திக்கும் ஓர் இடமாகும். ஒரு பொருள் நஞ்சா இல்லையா என்று மட்டும் இம்முறை கேட்பதில்லை. எவ்வளவு, எவ்விடத்தில், எத்தனை முறை, எந்த வயதுக் குழந்தைக்கு என்ற கேள்விகளையும் சேர்த்தே கேட்கிறது.

பொருளடக்கம்
1. குழந்தைத் தோலின் தனித்தன்மை
2. வரலாறு
3. மதிப்பிடும் முறை
4. கவனத்திற்குரிய சில சேர்பொருட்கள்
5. சட்டங்கள்
6. சிட்டையைப் படித்தல்
7. பரவலான தவறான கருத்துக்கள்
8. இவற்றையும் பார்க்கவும்

குழந்தைத் தோலின் தனித்தன்மை

மனிதத் தோலின் மிக வெளிப்புறத்தில் இறந்த உயிரணுக்களால் ஆன மெல்லிய கொம்புப்படலம் உள்ளது. வெளிப்பொருட்கள் உள்ளே செல்லாமலும் உடலின் நீர் வெளியேறாமலும் தடுக்கும் அரண் இதுவேயாகும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இவ்வரண் பெரும்பாலும் செயற்படும் நிலையிலேயே இருக்கும். எனினும் அது பெரியவர்களின் கொம்புப்படலத்தைவிட மெல்லியது. குறைமாதக் குழந்தைகளுக்கு இப்படலம் முழுமையாக உருவாகியிராது. ஆகையால் அவர்களின் தோல் வழியே பொருட்கள் மிக எளிதாக ஊடுருவும்.

இரண்டாவது வேறுபாடு அளவைப் பற்றியது. உடல் எடையோடு ஒப்பிடும்போது குழந்தையின் தோற்பரப்பு மிகுதி. பிறந்த குழந்தையில் இவ்விகிதம் பெரியவரைப் போல் 2.3 மடங்கு ஆகும். ஆறு மாதத்தில் 1.8 மடங்காகவும், ஓராண்டில் 1.6 மடங்காகவும், ஐந்து வயதில் 1.5 மடங்காகவும், பத்து வயதில் 1.3 மடங்காகவும் இது குறைகிறது. எனவே உடல் முழுவதும் ஒரே தடிப்பில் ஒரே களிம்பைப் பூசினாலும், ஒரு கிலோகிராம் எடைக்குக் குழந்தை பெறும் அளவு கூடுதலாகும்.

மூன்றாவதாக, உட்சென்ற பொருளைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளும் சிறுநீரகச் செயற்பாடும் பிறந்த முதல் மாதங்களில் முதிர்ச்சி அடைந்திருப்பதில்லை. நான்காவதாக, அணையாடை கட்டும் பகுதி எப்போதும் ஈரமாகவும் மூடப்பட்டும் இருக்கும். சிறுநீர், மலம் ஆகியவற்றால் அங்கு தோல் புண்படுவதும் வழக்கம். புண்பட்ட தோலில் உறிஞ்சல் பன்மடங்கு கூடும்.

வரலாறு

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை போரிக் அமிலம் கலந்த பவுடரும் களிம்பும் அணையாடைப் புண்ணுக்குப் பரவலாகப் பயன்பட்டன. நல்ல தோலின் வழியே மிகக் குறைவாகவே ஊடுருவும் இவ்வமிலம், புண்பட்ட தோலின் வழியே எளிதில் இரத்தத்தில் கலந்தது. இதனால் கைக்குழந்தைகள் சிலர் இறந்தமை மருத்துவ இதழ்களில் பதிவாயிற்று. எந்தப் புண்ணை ஆற்றுவதற்காக மருந்து பூசப்பட்டதோ அந்தப் புண்ணே நஞ்சு நுழையும் வாயிலாக அமைந்தது.

இத்துறையின் திருப்புமுனையாகக் கருதப்படுவது 1972 இல் பிரான்சில் நிகழ்ந்த மொராஞ்சு டால்க் நச்சு நிகழ்வு ஆகும். ஒரு குழந்தைப் பவுடரின் சில தொகுதிகளில் ஹெக்சாகுளோரோபீன் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி ஏறத்தாழ 6 விழுக்காடு அளவில் தவறுதலாகக் கலந்துவிட்டது. அதைப் பூசிய குழந்தைகளுக்கு இடுப்புப் பகுதியில் கடும் புண்ணும், அதைத் தொடர்ந்து வாந்தி, மயக்கம், வலிப்பு ஆகியனவும் ஏற்பட்டன. 204 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் 36 பேர் இறந்தனர். ஹெக்சாகுளோரோபீன் மூளையின் வெண்பொருளைப் பாதிக்கும் நரம்பு நஞ்சு ஆகும்.

அக்காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் மருத்துவமனைகளில் 3 விழுக்காடு ஹெக்சாகுளோரோபீன் கொண்ட நீர்மத்தால் பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்டும் வழக்கம் இருந்தது. இவ்வாறு நாள்தோறும் குளிப்பாட்டுவதற்கு எதிராக 1971 டிசம்பரில் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிருவாகம் எச்சரித்தது. குளிப்பாட்டுவதை நிறுத்திய சில மருத்துவமனைகளில் ஸ்டாஃபிலோகாக்கசு தொற்று கூடியது. பொருளை நீக்குவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை இது காட்டியது. எனினும் 1972 செப்டம்பரில் இப்பொருள் பெரும்பாலும் மருத்துவர் சீட்டுடன் மட்டுமே கிடைக்கும்படி கட்டுப்படுத்தப்பட்டது.

பிரெஞ்சு நிகழ்வின் விளைவாக 1975 இல் அந்நாட்டில் அழகுப்பொருட்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1976 இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் உறுப்பு நாடுகளுக்கான பொது நெறிமுறையை வெளியிட்டது.

மதிப்பிடும் முறை

ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்புக்கான அறிவியற் குழு பின்பற்றும் முறை பல நாடுகளில் முன்மாதிரியாகக் கொள்ளப்படுகிறது. அது நான்கு படிகளைக் கொண்டது.

1. தீங்கை இனங்காணல்: பொருள் என்ன வகைத் தீங்கைச் செய்யவல்லது என்று அறிதல் (எரிச்சல், ஒவ்வாமை, நரம்புப் பாதிப்பு முதலியன).
2. அளவுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பு: ஆய்வுகளில் எந்தத் தீய விளைவும் காணப்படாத மிக உயர்ந்த அளவைக் கண்டறிதல்.
3. வெளிப்பாட்டைக் கணித்தல்: குழந்தையின் உடலுக்குள் நாள்தோறும் செல்லும் அளவைக் கணக்கிடல்.
4. இடரை மதிப்பிடல்: இரண்டாம் படியில் பெற்ற எண்ணை மூன்றாம் படியில் பெற்ற எண்ணால் வகுத்தல்.

இவ்வாறு வகுத்துப் பெறும் எண் பாதுகாப்பு இடைவெளி எனப்படும். பொதுவாக அது 100 அல்லது அதற்கு மேல் இருத்தல் வேண்டும். விலங்குக்கும் மனிதனுக்கும் இடையிலான வேறுபாட்டுக்காக 10, மனிதருக்கிடையிலான வேறுபாட்டுக்காக 10 எனக் கொண்டு, இரண்டையும் பெருக்கி 100 பெறப்படுகிறது. குழந்தையின் கூடுதலான தோற்பரப்பு விகிதம் இரண்டாவது பத்தினுள் அடங்கிவிடும் என்பது இக்குழுவின் பொதுவான நிலைப்பாடு. ஆனால் அணையாடைப் பகுதியில் பூசும் பொருட்களைத் தனியே ஆராய வேண்டும் என்று அது கூறுகிறது.

எடுத்துக்காட்டு

ஒரு கற்பனைச் சேர்பொருளின் தீங்கற்ற அளவு ஒரு கிலோகிராம் எடைக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் எனக் கொள்வோம். அது ஒரு களிம்பில் 0.5 விழுக்காடு உள்ளது.

- 10 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 4 கிராம் களிம்பு பூசப்படுகிறது. அதில் சேர்பொருள் 20 மில்லிகிராம். நல்ல தோல் இதில் 20 விழுக்காட்டை, அதாவது 4 மில்லிகிராமை உறிஞ்சுகிறது. ஒரு கிலோகிராம் எடைக்கு 0.4 மில்லிகிராம் ஆகிறது. பாதுகாப்பு இடைவெளி 50 ÷ 0.4 = 125. இது ஏற்கத்தக்கது.
- 3 கிலோகிராம் எடையுள்ள பச்சிளங்குழந்தைக்கு அதே களிம்பு 2 கிராம் அணையாடைப் புண்ணில் பூசப்படுகிறது. சேர்பொருள் 10 மில்லிகிராம். புண்பட்ட தோல் 50 விழுக்காட்டை, அதாவது 5 மில்லிகிராமை உறிஞ்சுகிறது. ஒரு கிலோகிராம் எடைக்கு ஏறத்தாழ 1.67 மில்லிகிராம் ஆகிறது. பாதுகாப்பு இடைவெளி ஏறத்தாழ 30. இது ஏற்கத்தக்கதன்று.

இரண்டாம் குழந்தைக்குப் பூசப்பட்ட களிம்பு முதலாமதில் பாதியே. எனினும் முடிவு மாறிவிட்டது. ஒரே பொருள் ஒரு குழந்தைக்குப் பாதுகாப்பாகவும் மற்றொரு குழந்தைக்குப் பாதுகாப்பற்றதாகவும் இருக்கக்கூடும் என்பதை இக்கணக்கு விளக்குகிறது.

கவனத்திற்குரிய சில சேர்பொருட்கள்

- ஈயம்: சுர்மா போன்ற சில கண்மைகள் ஈய சல்பைடு தாதுவை அரைத்துச் செய்யப்படுகின்றன. சில மாதிரிகளில் எடையில் பாதிக்கும் மேல் ஈயம் இருந்துள்ளது. குழந்தை கண்ணைக் கசக்கி விரலை வாயில் வைக்கும்போது ஈயம் வயிற்றுக்குள் செல்லும். ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு எதுவும் அறியப்படவில்லை. விளக்குப் புகைக்கரியில் செய்யும் மையில் இத்தாது இல்லை. ஆயினும் கடையில் வாங்கும் மை எதனால் ஆனது என்பதைப் பார்வையால் அறிய இயலாது.
- பாதரசம்: தோலை வெளுக்கச் செய்யும் சில களிம்புகளில் காணப்படுகிறது. தாய் பூசும் களிம்பிலிருந்து துண்டு, தலையணை, தொடுகை வழியாகவும் ஆவியாகவும் குழந்தையை அடையக்கூடும்.
- கற்பூரம்: சளிக்குப் பூசும் தைலங்களில் உள்ளது. தோல் வழியாகவும் உறிஞ்சப்படும். விழுங்கினாலோ மிகுதியாகப் பூசினாலோ சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம்.
- சாலிசிலிக் அமிலம்: ஐரோப்பிய ஒன்றியத்தில், ஷாம்பு தவிர, மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொருட்களில் இதைப் பயன்படுத்தக்கூடாது.
- பாராபென்கள்: நுண்ணுயிர் வளராமல் பதப்படுத்தும் பொருட்கள். இவற்றுள் மெத்தில், எத்தில் வகைகள் ஐரோப்பாவில் வரையறுத்த அளவில் இசைவு பெற்றவை. புரோப்பில், பியூட்டைல் வகைகளை மூன்று வயதுக்குட்பட்டோரின் அணையாடைப் பகுதியில் கழுவாமல் விடும் பொருட்களில் சேர்ப்பதை 2014 ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதி தடை செய்தது.
- மெத்தில்ஐசோதயசோலினோன்: இதுவும் பதப்படுத்தும் பொருளே. ஒவ்வாமை பெருகியமையால் 2016 ஆம் ஆண்டின் விதியால் கழுவாமல் விடும் பொருட்களிலிருந்து ஐரோப்பாவில் நீக்கப்பட்டது.
- டால்க்: இதன் நுண்துகள்கள் குழந்தையின் மூச்சுக்குழாயில் சென்றால் கடும் மூச்சுத்திணறல் ஏற்படலாம். மூக்கு, வாய் ஆகியவற்றிலிருந்து விலக்கி வைக்குமாறு எச்சரிக்கை அச்சிடுவது ஐரோப்பாவில் கட்டாயம் ஆகும்.

சட்டங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி 2013 ஜூலை முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொருட்களுக்குத் தனிப்பட்ட பாதுகாப்பு மதிப்பீடு செய்யப்பட வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. ஐக்கிய அமெரிக்காவில், நிறமிகள் நீங்கலாக, அழகுப்பொருட்களுக்கு விற்பனைக்கு முந்தைய ஒப்புதல் தேவையில்லை. 2022 ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாப்புக்கான சான்றுகளைத் தயாரிப்பாளர் வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது.

இந்தியாவில் மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் சட்டம், 1940, மற்றும் அழகுப்பொருட்கள் விதிகள், 2020 ஆகியன இதனை ஆள்கின்றன. ஈயம் அல்லது ஆர்செனிக் சேர்மங்களை நிறமூட்டும் பொருட்டுச் சேர்ப்பது தடை செய்யப்பட்டுள்ளது. பாதுகாப்பானவை என ஏற்கப்படாத மூலப்பொருட்களின் பட்டியலை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4707 என்னும் தரநிலையின் இரண்டாம் பகுதி தருகிறது.

சிட்டையைப் படித்தல்

சேர்பொருட்கள் பொதுவாக அளவின் இறங்கு வரிசையில் எழுதப்படும். முதலில் வருவது மிகுதியாக உள்ளது. ஒரு விழுக்காட்டுக்குக் குறைவானவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். எனவே பட்டியலின் கடைசியில் உள்ள பெயர்களின் வரிசையைக் கொண்டு அவற்றின் அளவை அறிய இயலாது. நறுமணம் என்னும் ஒரே சொல்லுக்குள் பல பத்து வேதிப்பொருட்கள் அடங்கியிருக்கலாம்.

ஒரு பொருளைக் குழந்தைக்குத் தேர்வோர் பின்வரும் கேள்விகளைக் கேட்கலாம்.

- சேர்பொருட்களின் முழுப் பட்டியல், தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், காலாவதி நாள் ஆகியன உள்ளனவா?
- கழுவிவிடும் பொருளா, தோலிலேயே விடும் பொருளா?
- எந்த வயதுக்கு உரியது எனக் குறிக்கப்பட்டுள்ளதா?
- பூசும் இடம் புண்பட்டதா, அணையாடையால் மூடப்படுவதா?
- குழந்தையின் கையோ வாயோ படும் இடமா?
- இப்பொருள் உண்மையில் தேவையா?

பரவலான தவறான கருத்துக்கள்

இயற்கைப் பொருள் தீங்கற்றது என்பது அவற்றுள் ஒன்று. ஈயத் தாதுவும் கற்பூரமும் இயற்கையில் கிடைப்பனவே. கடுகெண்ணெய் தோலின் அரண் சீரடைவதைத் தாமதப்படுத்துவதாகவும், சூரியகாந்தி எண்ணெய் அதனை விரைவுபடுத்துவதாகவும் 2002 இல் வெளியான எலிகள் மீதான ஆய்வொன்று காட்டியது.

பதப்படுத்தும் பொருள் இல்லாததே நல்லது என்பது மற்றொன்று. நீர் கலந்த களிம்பில் அவை இல்லாவிடின் நுண்ணுயிர்கள் பெருகும். பச்சிளங்குழந்தைக்கு அத்தொற்று ஆபத்தானது.

முன்கையில் சிறிது பூசிப் பார்த்தால் போதும் என்றும் பலர் கருதுகின்றனர். இது எரிச்சலையும் சிலவகை ஒவ்வாமையையும் காட்டக்கூடும். உடலினுள் சிறிது சிறிதாகச் சேரும் ஈயத்தையோ பாதரசத்தையோ காட்டாது. அவ்வாறே, ஒவ்வாமை தராதது என்று சிட்டையில் அச்சிடப்படும் சொல்லுக்குப் பல நாடுகளில் சட்டப்படியான வரையறை இல்லை.

ஒரு வேதிப்பொருளின் பெயரை மட்டும் கொண்டு முடிவு செய்வதும் தவறாகும். 1980களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் பென்சைல் ஆல்ககால் கலந்த நீர்மங்கள் குறைமாதக் குழந்தைகளின் இரத்தக் குழாயில் செலுத்தப்பட்டபோது இறப்புகள் நேர்ந்தன. அதே பொருள் களிம்புகளில் ஒரு விழுக்காடு வரை பதப்படுத்தப் பயன்படுகிறது. உடலை அடையும் வழியும் அளவும் வேறாகையால் இடரும் வேறாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- தோல்
- நச்சியல்
- ஒவ்வாமை
- ஈய நச்சேற்றம்
- குறைமாதப் பிறப்பு