முதல் அறுபது அடி

ஐப்பசிக் கடைசியில் பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர் பார்க்கப் போகிறவர்கள் யானையைக் கவனிக்காமல் திரும்ப முடியாது. முன்னால் வடத்தில் நூற்றுக்கணக்கான கைகள். பின்னால் தேரில் நெற்றியை வைத்து முட்டும் ஒரு யானை. நின்ற தேரை நகர்த்தத்தான் அத்தனை பாடு. சக்கரம் உருளத் தொடங்கிவிட்டால் பாரமே குறைந்துவிட்டதுபோல் இருக்கும்.

டிராக் ரேஸ் என்ற பந்தயத்தின் சூட்சுமமும் அந்த முதல் நகர்வில்தான் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்கோட்டில் யார் முதலில் போய்ச் சேர்கிறார்கள் என்பதுதான் போட்டி. வளைவு கிடையாது, ஓவர்டேக் வித்தை கிடையாது. லோனாவாலா பக்கத்து ஆம்பி வேலி விமான ஓடுபாதையில் நடக்கும் வேலி ரன் இந்தியாவில் இதற்குப் பேர்போனது. பந்தயக்காரர்கள் நேரச்சீட்டை வாங்கியதும் கடைசி எண்ணைப் பார்ப்பதில்லை. முதல் 60 அடிக்கு எத்தனை நொடி என்றுதான் பார்ப்பார்கள். அங்கே கால் நொடி போனால், முடிவுக்கோட்டில் அதைவிடக் கூடுதலாகப் போயிருக்கும்.

கிளட்ச் மிதி இல்லாத ஆட்டோமேட்டிக் காரில் இந்த முதல் உந்தலைத் தருவது டார்க் கன்வெர்ட்டர். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே பூசணிக்காய் வடிவில் உட்கார்ந்திருக்கும் எஃகுக் கூடு அது. முதலில் அது காருக்காகப் பிறந்ததே அல்ல. கப்பலின் நீராவி டர்பைன் படுவேகமாகச் சுற்றும், புரொப்பெல்லரோ மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரைத் தள்ளும். இரண்டுக்கும் சமாதானம் செய்துவைக்க ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. பியூக் நிறுவனம் 1948-ல் டைனாஃப்ளோ என்ற பெயரில் அதைக் காருக்குள் கொண்டுவந்தது.

மோர் கடைந்தவர்களுக்கு இதில் பாதி உடனே புரியும். மத்து பானையைத் தொடுவதில்லை. ஆனாலும் மத்து சுழலும் பக்கம் பானையும் திரும்பப் பார்க்கும். அதனால்தான் காலால் அணைத்துப் பிடிக்கிறார்கள். கன்வெர்ட்டருக்குள் தயிருக்குப் பதில் எண்ணெய். எஞ்சினோடு பிணைந்த இம்பெல்லர் எண்ணெயை வீச, எதிரே உள்ள டர்பைன் அதை வாங்கிக் கியர்பாக்ஸைச் சுற்றுகிறது. மீதிப் பாதியில்தான் சாமர்த்தியம். டர்பைனில் மோதித் திரும்பும் எண்ணெய், சும்மா விட்டால், எதிர்த்திசையில் வந்து இம்பெல்லரையே தடுக்கும். நடுவில் ஸ்டேட்டர் என்ற சிறு தகட்டுச் சக்கரம் நின்று அதைத் திருப்பி, இம்பெல்லர் சுழலும் பக்கமாகவே அனுப்பிவைக்கிறது. கார் நிற்கும்போது எஞ்சினின் முறுக்குவிசை இதனால் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. வேகம் பிடித்ததும் அந்த லாபம் கரைந்துவிடும்.

பிரேக்கை இறுக மிதித்து, டி-யில் போட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தினால் எஞ்சின் ஓர் எல்லை வரைதான் ஏறும். அதற்கு ஸ்டால் வேகம் என்று பெயர். வீட்டுக் கார்களில் அது 2,000 ஆர்.பி.எம். பக்கம் இருக்கும். பெரிய டர்போ மாட்டிய எஞ்சினுக்கு 4,000 தாண்டினால்தான் பிக்கப் வரும் என்றால், கோட்டில் நிற்கும்போது அது தூங்கிக்கொண்டிருக்கும். ஆகவே 28 முதல் 30 செ.மீ. குறுக்களவுள்ள பழைய கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, 20 முதல் 23 செ.மீ. அளவில் சிறியதாக ஒன்றை மாட்டுகிறார்கள். சிறியது கூடுதலாக வழுக்கும். எஞ்சின் தாராளமாக ஏறும். பெட்டியில் 3,500 என்று போட்டிருந்ததை நம்பி வாங்கி, தன் காரில் 2,800-லேயே நிற்பதைப் பார்த்துக் கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் உண்டு. தப்பு அவருடையதல்ல. எஞ்சினின் பலம், காரின் எடை, கியர் விகிதம் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன.

கியர் விகிதம் என்றதும் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. 250 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சின். கன்வெர்ட்டரில் இரண்டு மடங்கு. 1964-ல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ 400 கியர்பாக்ஸில் முதல் கியர் 2.48, பின் ஆக்ஸிலில் கிரவுன் பினியன் 4.10. எல்லாவற்றையும் பெருக்கினால் சக்கரத்துக்கு 5,084 நியூட்டன் மீட்டர் போகிறது. டயரின் ஆரம் 33 செ.மீ. என்றால் தரையில் விழும் தள்ளுவிசை 15,000 நியூட்டனுக்கு மேல். 1,500 கிலோ காரின் மொத்த எடையே 14,700 நியூட்டன்தான்! சாதாரண டயர் அதைத் தாங்காது. நின்ற இடத்திலேயே சுற்றிப் புகைவிடும்.

1950-ல் வந்த பவர்கிளைடு என்ற இரண்டே கியர் கொண்ட கிழட்டுப் பெட்டியை டிராக் ரேஸ்காரர்கள் இன்றும் தேடிப்பிடிப்பது இதனால்தான். அதன் முதல் கியர் 1.76. அதே கணக்கில் தள்ளுவிசை 11,000 நியூட்டனுக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடுகிறது. பெட்டியும் லேசு, ஓட்டம் முழுக்க ஒரே ஒரு தடவைதான் கியர் மாறும்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஏற்றும் இடுக்கி டிரைவர்களுக்குக் கிரவுன் பினியனைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எண் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். டிராக் காருக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: முடிவுக்கோட்டைத் தொடும்போது எஞ்சின் தன் உச்ச பலத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மேலே சொன்ன டயரும் 4.10-ம் இருந்தால், நேர் கியரில் 160 கி.மீ. வேகத்துக்கு எஞ்சின் சுமார் 5,280 ஆர்.பி.எம். சுற்றும். 3.08 போட்டால் 4,000-க்குக்கூட வராது. மீட்டரில் 6,000 காட்டியது என்றால், மிச்சமுள்ள 12 சதவீதம் கன்வெர்ட்டரில் வழுக்கிப் போய்விட்டது என்று அர்த்தம்.

வழுக்கியது எங்கே போகும்? சூடாகத்தான். ஸ்டால் சோதனையை 5 நொடிக்கு மேல் நீட்டாதே என்று ஒர்க்‌ஷாப் கையேடுகள் எச்சரிக்கின்றன. 250 நியூட்டன் மீட்டரோடு 2,300 ஆர்.பி.எம்.மில் எஞ்சின் முக்கிக்கொண்டு நிற்கும்போது, சக்கரம் அசையாததால் 60 கிலோவாட்டும் எண்ணெயில்தான் இறங்குகிறது. முப்பது குளியலறை கெய்சர்களை ஒரே வாளிக்குள் போட்டதுபோல. பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் கேட்கவே வேண்டாம். தனி ஆயில் கூலர் இல்லாமல் ஸ்டால் வேகத்தை ஏற்றுவது, ரேடியேட்டர் இல்லாமல் கார் ஓட்டுகிற மாதிரி.

நம் ஊரில் இந்த வேலைக்குத் தோதான கார்கள் குறைவு. 2014-ல் செலெரியோவோடு பிரபலமான ஏ.எம்.டி.யில் கன்வெர்ட்டரே கிடையாது. சாதாரண கியர்பாக்ஸின் கிளட்சை ஒரு இயந்திரக் கை மிதிக்கிறது, அவ்வளவுதான். ஃபோக்ஸ்வேகன் குடும்பத்தின் டி.எஸ்.ஜி.யில் இரட்டை கிளட்ச். அந்தக் கார்களை வேகமாக்குகிறவர்கள் ஸ்பேனரைவிட லேப்டாப்பைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். முன்சக்கர இழுவைக் காரில் கிரவுன் பினியனும் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால், அதை மாற்றப் பெட்டியையே பிரிக்க வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. கன்வெர்ட்டர் ஆர்.சி.யில் ஏறும் விவரமல்ல என்று வாதாடலாம். 4,000 ஸ்டாலில் உறுமும் காரைச் சாலையோரம் நிறுத்தி வைத்துக்கொண்டு வாதாடுவது வேறு விஷயம். பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு தனியாகக் காத்திருக்கிறது. அதனால் விவரமானவர்கள் பந்தயக் காரைச் சாலையில் ஓட்டுவதே இல்லை. டிரெய்லரில் ஏற்றி, கயிறு கட்டி, வாளையாறு வழியாக 1,000 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோய், ஓடுபாதையில் இறக்குகிறார்கள், பதிமூன்று பதினான்கு நொடி ஓட்டத்துக்காக.