வயலை விழுங்கிய வேலி

முன்னுரை

'வேலியே பயிரை மேய்ந்தாற்போல' என்பது நம் நாட்டுப் பழமொழி. காவலுக்கு நின்றவனே களவு செய்யும்போது இதனைச் சொல்வது வழக்கம். வேலி உண்மையாகவே பயிரை மேயுமா என்று கேட்டால், மேயும் என்பதற்கு மீஞ்சூர், வள்ளூர், அத்திப்பட்டு வட்டாரத்தில் முள் மூடிக் கிடக்கும் நிலங்களே சான்று.

நான் தாவரவியல் பயிலும் மாணவன். வள்ளூரை அடுத்த சிற்றூரில் எங்கள் குடும்பத்திற்கு ஓர் ஏக்கர் நிலம் உண்டு. சென்ற ஆண்டு தை, மாசி மாதங்களில் அதன் பழைய வேலியை வெட்டி அகற்றிவிட்டுப் புதிய வேலி அமைத்தோம். அந்த வேலையில் கற்றவற்றை நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேலிகாத்தான் வந்த கதை

எங்கள் பக்கத்தில் 'வேலிகாத்தான்' என்றும், பிற மாவட்டங்களில் 'சீமைக் கருவேலம்' என்றும் வழங்கும் மரத்தின் தாவரவியல் பெயர் புரோசோபிஸ் ஜூலிஃபுளோரா. இதன் தாயகம் மெக்சிகோவும், நடு அமெரிக்காவும், தென் அமெரிக்காவின் வடபகுதியும் ஆகும். சென்னை மாகாண வனத்துறையில் உயர் பதவி வகித்த தாவரவியலறிஞர் பெட்டோம், வறண்ட நிலத்தில் விறகு மரம் வளர்க்கலாம் என்று கருதி, 1876-இல் இதன் விதைகளைக் கேட்டு அரசுக்கு எழுதினார். அதனையடுத்துக் கடப்பைப் பகுதியில் இம்மரம் நடப்பட்டது.

ஏழைக்கு விறகாகவும் வயலுக்கு வேலியாகவும் பயன்பட்டதால் மக்கள் இதனை வரவேற்றனர். 'வேலிகாத்தான்' என்ற பெயரே அந்த நன்றியின் அடையாளம் எனலாம். ஆனால் இதன் நெற்று இனிப்புச் சுவை உடையது. ஆடுமாடுகள் அதனை விரும்பித் தின்னும். கடினமான தோலையுடைய விதை விலங்கின் வயிற்றில் சாகாமல், தோல் இளகிச் சாணத்தோடு வெளிவருகிறது. எருவோடு சேர்ந்து விழும் விதைக்கு வேறு உரம் எதற்கு? மேய்ச்சல் மாடு போகுமிடமெல்லாம் இம்மரமும் போயிற்று.

நம் வட்டாரத்தில் இது பரவியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சென்னை மாநகரின் குடிநீர்த் தேவைக்காக மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடி நீர் பல ஆண்டுகள் பெருமளவில் இறைக்கப்பட்டது. நன்னீர் குறையக் குறையக் கடல்நீர் உட்புகுந்தது. கிணற்று நீர் உவர்த்த இடங்களில் பயிர் நின்றது. உவரையும் வறட்சியையும் தாங்கும் வேலிகாத்தான், உழவன் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டது.

வேலிச் செடி களையாக மாறுவது நம் நாட்டிற்குப் புதிதன்று. சப்பாத்திக்கள்ளியும் ஒரு காலத்தில் வேலிக்கு உதவிப் பின்னர் நிலங்களை மூடியதே. 1926-இல் இலங்கை வழியாகக் கொண்டுவரப்பட்ட ஒருவகைக் கொச்சினீல் பூச்சி அதனை அடக்கியது. வேலிகாத்தானுக்கு அத்தகைய பூச்சி நம் நாட்டில் வாய்க்கவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் இம்மரங்களை அகற்றுமாறு ஆணையிட்டது. அயல் களைத் தாவரங்களைக் குறித்துத் தமிழ்நாடு அரசு 2022-இல் தனிக் கொள்கையே வகுத்தது. ஆயினும் அவரவர் வரப்பில் உள்ள மரத்துக்கு அவரவர் கையில் உள்ள கடப்பாரையே மருந்து.

எல்லையைக் கண்டறிதல்

வேலி வேலையில் முதற்படி வெட்டுவதன்று; அளப்பது. எங்கள் நிலம் 330 அடி நீளமும் 132 அடி அகலமும் உடையது. 66 அடி நீளமுள்ள பழைய அளவைச் சங்கிலியால் சொன்னால் ஐந்து சங்கிலிக்கு இரண்டு சங்கிலி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்பதால் கணக்குச் சரியாக அமையும்.

கிழக்கெல்லையில் 330 அடி நீளத்துக்கும் வேலிகாத்தான் மண்டி, 12 அடி அகலமுள்ள முட்சுவராக நின்றது. எல்லைக்கல் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் நாங்கள் உள்ளே வந்துவிட்டதாகச் சொன்னார். என் தந்தையார் அவர்கள்தாம் வந்துவிட்டார்கள் என்றார். இரு குடும்பத்தாரும் நான்கு ஆண்டுகளாக நல்லது கெட்டதுக்குக்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

இத்தகைய வழக்கைத் தீர்ப்பதற்கென்றே 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு புல எண்ணுக்கும் புலப்படம் உண்டு. கட்டணம் செலுத்தி அளக்க விண்ணப்பித்தால், அண்டை நிலத்தாருக்கு அறிவிப்புக் கொடுத்து, நில அளவர் வந்து புலப்படத்தின்படி அளந்து காட்டுவார். இப்போது இ-சேவை மையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம்.

அளவர் வந்த நாளில், சங்கிலி செல்வதற்காக முள்ளில் ஆங்காங்கே வழி வெட்டினோம். வடகிழக்கு மூலையில் மண்ணுக்குள் ஒரு முழ ஆழத்தில் பழைய கல் அகப்பட்டது. அங்கிருந்து கோடு இழுத்தபோது, எல்லை முட்புதரின் நடுவிலே சென்றது. எங்கள் பக்கம் 7 அடியும் அவர்கள் பக்கம் 5 அடியும் முள்ளுக்குள் இருந்தன. அதாவது எங்களுக்கு ஐந்தேகால் சென்ட், அவர்களுக்கு ஏறத்தாழ நான்கு சென்ட் இழப்பு. ஒன்பது சென்ட் நிலத்தை மரம் அனுபவித்திருக்க, மனிதர் இருவர் ஒருவர்மேல் ஒருவர் பழி சொல்லிக்கொண்டிருந்தனர்!

பக்கத்து நிலத்துப் பெரியவர் சற்று நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உன் மேலயும் தப்பில்ல தம்பி, என் மேலயும் தப்பில்ல. முள்ளுதான் ரெண்டு பேர் நெலத்தையும் தின்னிருக்குது" என்றார். "ஆமாண்ணே, பொது வேலியா போட்டுக்கலாம். செலவு பாதிப்பாதி" என்றார் என் தந்தையார். நான்காண்டுப் பகை இரண்டு வாக்கியத்தில் தீர்ந்தது.

வெட்டி அகற்றும் முறை

மழைக்காலம் முடிந்து மண்ணில் ஈரம் இருக்கும் தை மாதமே இதற்கு ஏற்றது. நெற்று முற்றும் கோடைக்கு முன்னரே வேலையை முடித்துவிடவும் வேண்டும். தாமதித்தால் வெட்டுகிறவனே விதைக்கிறவனாகவும் ஆவான்.

வேலிப் புதரில் பாம்பு இருக்கும். ஆகவே கழியால் தட்டி ஓசை எழுப்பிய பிறகே கை வைக்க வேண்டும். முள் செருப்பைத் துளைக்கும். குத்திய இடம் வீங்கிக் கடுக்கும். கனமான காலணி இன்றியமையாதது. முதலில் ஓரக் கிளைகளை நீண்ட அரிவாளால் கழிக்க வேண்டும். ஒருவர் கவைக்கோலால் கிளையை அழுத்திப் பிடிக்க, மற்றவர் வெட்டுவது நல்லது. பிறகு கோடரியால் அடிமரத்தைச் சாய்க்கலாம்.

இதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர் பலர். உண்மையில் இங்கேதான் வேலை தொடங்குகிறது. தரைமட்டத்தை ஒட்டிய வேர்க்கழுத்துப் பகுதியில் உறங்கும் மொட்டுகள் உள்ளன. மரத்தை மேலோடு வெட்டினால் அவை விழித்து, ஒரு தண்டு இருந்த இடத்தில் பல தண்டுகள் கிளம்பும். எனவே சுற்றிலும் மண்ணைத் தோண்டி, வேர்க்கழுத்துக்குக் கீழே ஓரடி ஆழத்தில் வேரை வெட்டிக் கட்டையைப் பெயர்த்தெடுக்க வேண்டும். பெரிய கட்டைகளுக்கு மட்டும் அரை நாள் பொக்லைன் வைத்தோம். மற்றவை கடப்பாரைக்கே இசைந்தன.

வெட்டிய பின்னரும் மண்ணில் விதை இருக்கும். ஐப்பசி மழைக்குப் பின் நூற்றுக்கணக்கில் கன்றுகள் முளைத்தன. ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கும்போது அவற்றைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். இன்னும் சில ஆண்டுகள் இக்காவல் தொடர வேண்டும்.

விறகு வெட்டும் பெண்கள்

இம்மரத்தைத் தூற்றுவது எளிது. ஆனால் எங்கள் ஊரில் வேலிகாத்தான் விறகால் அடுப்பெரியும் வீடுகள் இன்றும் உண்டு. நிலமில்லாத பெண்கள் சிலர் ஆண்டுதோறும் எங்கள் வேலியில் கிளை கழித்து வந்தனர். "மொத்தமா எடுத்துட்டா நாங்க எங்க போறது?" என்று அவர்களுள் மூத்தவர் கேட்டபோது எங்களிடம் உடனே மறுமொழி இல்லை. வெட்டிய விறகு முழுவதையும் அவர்களே எடுத்துக்கொள்வதென்றும், வேர்க்கட்டை பெயர்க்கும் வேலைக்குக் கூலியோடு அவர்களையே அழைப்பதென்றும் முடிவாயிற்று. அடுத்த ஆண்டுகளின் விறகுக்கு இது விடையாகாது என்பதை மறுப்பதற்கில்லை. களையை ஒழிக்கத் திட்டமிடுவோர் அடுப்பையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

புதிய வேலி

வேலி இருவகை: உயிர்வேலி, கம்பி வேலி. ஆங்கிலேயர் காலத்தில் உப்பு வரி ஏய்ப்பைத் தடுக்க, சிந்து நதிப்பகுதியிலிருந்து மகாநதிப்பகுதி வரை சென்ற சுங்கக் கோட்டில் பல நூறு மைல் நீளத்துக்கு முட்செடி வேலி வளர்த்தனர். 1879-இல் அக்கோடு கைவிடப்பட்டது. உயிர்வேலியின் வலிமைக்கு அது சான்று. வேலி எதற்காக என்ற கேள்விக்கும் அதுவே எச்சரிக்கை. முள்கம்பியோ அமெரிக்க உழவர் ஜோசப் கிளிடன் 1874-இல் காப்புரிமை பெற்ற அமைப்பால் உலகெங்கும் பரவியது.

நாங்கள் இரண்டையும் கலந்தோம். வடக்கே கால்வாய் ஓரத்தில் 132 அடிக்கு நொச்சியும் ஆடாதோடையும் போத்து வெட்டி நட்டோம். இரண்டையும் ஆடு கடிக்காது. 'ஆடு தொடா' என்பதே ஆடாதோடை ஆயிற்று என்பாரும் உளர். மற்ற மூன்று பக்கமும் சேர்ந்து 792 அடி. எட்டடிக்கு ஒரு கால் வீதம் நூறு கால்கள். ஏழடிக் காலில் இரண்டடி மண்ணுக்குள் செல்ல, ஐந்தடி வெளியே நிற்கும். ஐந்து வரிசைக் கம்பிக்கு ஏறத்தாழ 1,200 மீட்டர் தேவைப்பட்டது. கீழ் வரிசைகளை நெருக்கமாகவும் மேல் வரிசைகளை இடைவெளி விட்டும் கட்டினால் ஆட்டுக்குட்டி நுழையாது.

கம்பியின் இழுவை முழுவதையும் மூலைக்கால்களே தாங்குகின்றன. அவற்றுக்கு இருபுறமும் சாய்வாக முட்டுக்கால் கொடுக்காவிட்டால் ஒரு மழையில் வேலி தொய்ந்துவிடும். கடற்காற்றில் உப்பு இருப்பதால் துத்தநாகப் பூச்சு நன்றாக உள்ள கம்பியே வாங்க வேண்டும். சிமெண்டுக் காலில் வெடிப்பு இருந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துக் கால் பிளக்கும். அதனால் மூலைகளுக்கும் வாயிலுக்கும் கருங்கல் கால்களே நட்டோம். வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது குற்றம். உயிர்க்கொலையும் ஆகும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பொது எல்லையில் இருபதடிக்கு ஒரு பனங்கொட்டை ஊன்றினோம். பனை நம் மாநில மரம். 2021-இல் அறிவிக்கப்பட்டபடி, அதனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் வேண்டும். கம்பி துருப்பிடித்து உதிரும் காலத்தில் பனை எல்லை சொல்லி நிற்கும்.

முடிவுரை

"ஓர் ஏக்கருக்கு இவ்வளவு செலவா? விற்றுவிடலாமே" என்று சொன்னவர் பலர். அனல் மின் நிலையமும் துறைமுகங்களும் சூழ்ந்த எங்கள் பகுதியில் நிலத்துக்குக் கேள்வி மிகுதி. முள் மூடிய நிலம் அடங்கலில் ஆண்டுதோறும் தரிசு என்றே பதிவாகும். நாளடைவில் உடையவனுக்கே அது பயனற்றதாகத் தோன்றும். அப்போது கேட்ட விலைக்குக் கைமாறும். வேலி போடுவது ஆட்டைத் தடுப்பதற்கு மட்டுமன்று. 'இங்கே ஒருவன் பயிர் செய்கிறான்' என்று சொல்வதற்கும் ஆகும்.

மீட்ட ஐந்தேகால் சென்டில் இவ்வாண்டு கேழ்வரகு விதைத்தோம். கிழக்கு வேலிக்கு அப்பால் பெரியவர் கத்தரி வைத்திருக்கிறார். கம்பிகளுக்கிடையே காய் இந்தப் பக்கம் வருகிறது. கீரை அந்தப் பக்கம் போகிறது. எல்லை தெளிவாக இருந்தால் உறவும் தெளிவாக இருக்கும். கிராமத்திலிருந்து வரும் மாணவ நண்பர்கள் இந்த விடுமுறையில் ஒருநாள் தங்கள் வீட்டுப் புலப்படத்தை எடுத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடந்து, எல்லைக்கற்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவர வேண்டுகிறேன்.