"போன மாங்கனிக்கும் இதைத்தானே சொன்னீங்க?"

வேலைக்குப் போகும் பெண்களே... உங்கள் ஆசைக்கு ஒரு தேதி குறியுங்கள்!

ஆனி மாதப் பௌர்ணமி. காரைக்கால் பாரதியார் சாலையில் கால் வைக்க இடமில்லை. பிச்சாண்டவர் வீதியுலா வர வர, மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் மாம்பழங்கள் பறக்கின்றன. முந்தானையில் இரண்டு பழம் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் ஒரு பெண்மணி, பக்கத்தில் நின்ற தோழியிடம் சொல்கிறார்:

"இந்த வருஷம் எப்படியாவது அந்த எம்.ஏ.வை முடிச்சுடணும்டி!"

"அக்கா... போன மாங்கனிக்கும் இதைத்தானே சொன்னீங்க?"

இருவரும் சிரித்தார்கள். மூத்தவரின் சிரிப்பு மட்டும் சீக்கிரமே நின்றுவிட்டது.

நம்மில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு ஆசை பரணில் கிடக்கிறது! பாதியில் விட்ட படிப்பு, டிபார்ட்மென்ட் பரீட்சை, சொந்தமாக ஒரு தையல் கடை, கற்றுக்கொள்ள நினைத்த வீணை. கேட்டால் ஒரே பதில்தான்... "எங்கேங்க நேரம்?"

பொய்யில்லை. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டு வேலை செய்யும் பெண் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். வீட்டு வேலையில் கைகொடுக்கும் ஆண் செலவிடுவது 97 நிமிடம்! ஆபீஸ் போய் வரும் பெண்ணுக்கு இது இரண்டாவது ஷிப்ட்.

அப்படியானால் ஆசையை மறந்துவிட வேண்டியதுதானா? வேண்டாம். நம்மைவிட பிஸியாக இருந்த ஒரு பெண்மணியின் கதையைக் கேளுங்கள்.

31 வருஷம் காத்திருந்த கனவு

1954 என்றதும் காரைக்கால்காரர்களுக்கு நவம்பர் 1 நினைவுக்கு வரும். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நம் ஊர் கைமாறிய நாள். அதே வருஷம் ஜூன் மாதம், சென்னை அடையாறில் வெறும் 12 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை தொடங்கியது. அதுதான் இன்று நாடே அறிந்த அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். அதைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கு அப்போது வயது 67!

அந்தக் கனவு முளைத்தது 1923-ல். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார் அவர். 'இதற்கென்று தனி மருத்துவமனை வேண்டும்' என்ற எண்ணம் அன்றே மனதில் விழுந்துவிட்டது.

ஆனால், மறுநாளே ஆஸ்பத்திரி கட்டிவிட முடியுமா? அவர் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். டாக்டர் தொழில் வேறு. 1927-ல் சென்னை மாகாண சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர். தேவதாசி முறை ஒழிப்புப் போராட்டம், ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம்... ஒன்றா, இரண்டா?

இத்தனைக்கும் நடுவில் அந்த எண்ணத்தை அவர் கைவிடவில்லை. 1925-ல் மேற்படிப்புக்கு இங்கிலாந்து போனபோது, புற்றுநோய் சிகிச்சையையும் கவனித்துக்கொண்டார். 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் இந்த யோசனையை எல்லோர் முன்பும் வைத்தார். 'கேன்சர் வந்தால் சாவுதானே, அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி?' என்று பலரும் நினைத்த காலம் அது. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். கணக்குப் போட்டால் 31 வருஷம்!

அவர் தினமும் இதே வேலையாக இருந்தவரில்லை. சில வருஷங்கள் வேறு வேலைகள் முன்னுக்கு வந்தன. ஆனால் ஒவ்வொரு முறையும் விட்ட இடத்துக்குத் திரும்பி வந்தார். நாம் தவறவிடுவது இங்கேதான். இடையில் நின்றுபோனால், 'அவ்வளவுதான், நம்ம தலையெழுத்து' என்று மூட்டை கட்டிவிடுகிறோம்.

நீங்கள் எப்படித் தொடங்கலாம்?

1. ஒரே ஒரு ஆசையை எடுங்கள். "ஏதாவது படிக்கணும்" என்பது ஆசை. "வர்ற ஆனிக்குள்ள எம்.ஏ. முதல் வருஷத்தை முடிக்கணும்" என்பதுதான் இலக்கு. டைரியில் ஒரே வரியில், தேதியோடு எழுதி வையுங்கள்.

2. அரை மணி நேரத்தை அலட்சியம் செய்யாதீர்கள். தினம் அரை மணி வீதம் 300 நாள் என்றால் 150 மணி நேரம்! பணமும் அப்படித்தான். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில் மாதம் 1,000 ரூபாய் போட்டால், 5 வருஷத்தில் உங்கள் கைப்பணமே 60,000. வட்டி தனி. தையல் மெஷினுக்கு யாரிடமும் கையேந்த வேண்டாம்.

3. அந்த அரை மணிக்கு ஒரு இடம் கொடுங்கள். "நேரம் கிடைக்கும்போது" என்றால் கிடைக்கவே கிடைக்காது. ஆபீஸ் பஸ்ஸில் போகும் நேரமோ, மதியச் சாப்பாடு முடிந்ததுமோ, இரவு அடுப்பு மேடை துடைத்த பிறகோ... ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள்.

4. வீட்டில் வாய் திறந்து சொல்லுங்கள். "அவரே புரிஞ்சுக்கட்டும்" என்று காத்திருந்தால் வருஷம்தான் ஓடும். "எனக்குப் பரீட்சை இருக்கு. ராத்திரி பாத்திரம் உங்க பொறுப்பு, காலையில தண்ணி பிடிக்கிறது பையன் பொறுப்பு" என்று வேலையைப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள். முத்துலட்சுமி, தன்னைச் சமமாக மதிக்க வேண்டும் என்று கணவரிடம் கேட்ட பிறகுதான் 1914-ல் கழுத்தை நீட்டினார். நாம் கேட்பது வெறும் அரை மணி!

5. விட்டுப்போனால் அழாதீர்கள். மாமியார் ஆஸ்பத்திரியில் இருப்பார். பிள்ளைக்குப் பரீட்சை வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி காயாது, வேலை ஓடாது. அப்போது நிறுத்துங்கள், தப்பில்லை. ஆனால் திரும்பத் தொடங்கும் தேதியையும் அன்றைக்கே குறித்து வையுங்கள்.

உடம்பு இருந்தால்தான் ஓட்டம்!

இலக்குக்காகத் தூக்கத்தை வெட்டுவதுதான் பல பெண்கள் முதலில் செய்யும் தப்பு. 7 மணி நேரத் தூக்கத்தில் கை வைக்காதீர்கள். டி.வி.யிலும் செல்போனிலும் வையுங்கள்!

அடுத்த தப்பு, காலை டிபனுக்குப் பதில் ஒரு டம்ளர் டீ. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. 'படிச்சா தலையில ஏறவே மாட்டேங்குது, வயசாயிடுச்சு' என்று நினைப்பீர்கள். ரத்தம் குறைந்ததால் வந்த அசதியாகவும் இருக்கலாம்! முருங்கைக்கீரை, பயறு சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கட்டும். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம். அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. அசதி போகாவிட்டால் டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

30 வயதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனைகளையும் இலக்குப் பட்டியலில் சேருங்கள். ஒரு தங்கையின் மரணத்திலிருந்து பிறந்த ஆஸ்பத்திரியின் கதையைப் படித்த கையோடு இதைச் செய்யாமல் விடலாமா?

அடுத்த மாங்கனிக்கு...

நம் ஊருக்கு நல்ல அளவுகோல் இருக்கிறது. மாங்கனிக்கு மாங்கனி டைரியைப் புரட்டுங்கள். போன ஆனியில் எங்கே இருந்தோம், இந்த ஆனியில் எங்கே வந்திருக்கிறோம்? ஒரு பாடம் முடித்திருந்தாலும் முன்னேற்றம்தான்.

1955-ல் அடையாறு மருத்துவமனையில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-ல் மறையும்வரை அதற்காகவே உழைத்தார். ஒருத்தி விடாமல் பிடித்துக்கொண்ட ஆசை, அடுத்தவளுக்கும் வழியாகிறது. உங்கள் அரை மணி நேரத்தை உங்கள் மகளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

அடுத்த ஆனிப் பௌர்ணமிக்கு அந்தத் தோழி மறுபடியும் கேட்பார். "முதல் வருஷம் முடிச்சாச்சுடி!" என்று சொல்ல, இன்று இரவே டைரியை எடுங்களேன்!