வெறுங்காலில் நடந்த நாள்களையும் மருத்துவரிடம் கூறுவோம்

வயலிலும் தோட்டத்திலும் செருப்பின்றி நடந்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். ஊரை விட்டு நகரத்திற்கு வந்து நாற்பது ஆண்டுகள் கடந்திருக்கலாம். ஆயினும், அம்மண்ணிலிருந்து உடலுக்குள் புகுந்த ஒரு புழு இன்றும் நம் குடலில் வாழ்ந்துகொண்டிருக்கக்கூடும். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்பது அதன் பெயர்.

வளர்ந்த நிலையிலும் இதன் நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். மனிதக் கழிவு கலந்த ஈர மண்ணில் இருக்கும் இளம்புழு, பாதத்தின் தோலைத் துளைத்து உட்புகுந்து சிறுகுடலைச் சென்றடைகிறது. பிற குடற்புழுக்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளில் மடிந்துவிடும். இப்புழுவின் குஞ்சுகளில் சிலவோ, உடலை விட்டு வெளியேறாமலேயே குடற்சுவரைத் துளைத்து மீண்டும் தொற்றை உண்டாக்குகின்றன. எனவே இதன் வாழ்வு தலைமுறை தலைமுறையாக நம்முள்ளேயே தொடர்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பர்மா இரயில்பாதைப் பணியில் ஈடுபடுத்தப்பட்ட போர்க்கைதிகள் சிலரிடம், முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் இத்தொற்று கண்டறியப்பட்டது.

நோய் எதிர்ப்பாற்றல் வலுவாக உள்ளவரை புழுக்களின் எண்ணிக்கை கட்டுக்குள் இருக்கும். அவ்வப்போது வயிற்று உபாதையோ தோல் அரிப்போ தோன்றலாம். எவ்வித அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம். ஆஸ்துமா, மூட்டுவாதம், புற்றுநோய், உறுப்பு மாற்றுச் சிகிச்சை ஆகியவற்றிற்காக ஸ்டீராய்டு மருந்து தரப்படும்போதுதான் நிலைமை மாறுகிறது. எதிர்ப்பாற்றல் தளர்ந்ததும் இளம்புழுக்கள் கணக்கின்றிப் பெருகி நுரையீரல், கல்லீரல், மூளை எனப் பரவுகின்றன. குடலிலுள்ள பாக்டீரியாக்களும் அவற்றுடன் இரத்தத்தில் கலக்கின்றன. உரிய காலத்தில் கண்டறியாவிடில் உயிரிழப்பு நேரும் வாய்ப்பு மிக அதிகம். 2020இல் கோவிட் நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் பரவலாக அளிக்கப்பட்டபோது, மருத்துவ வல்லுநர்கள் இவ்வாபத்தைச் சுட்டிக்காட்டி எச்சரித்தனர்.

இதனைத் தவிர்க்க வழி உண்டு. சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே பரிசோதித்துக்கொள்வது நல்லது. ஒருமுறை செய்யும் மலப் பரிசோதனையில் புழு தென்படாமல் போகலாம்; ஆதலால் இரத்தத்தில் எதிர்ப்பொருளைக் கண்டறியும் பரிசோதனையையும் மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. தொற்று உறுதியானால் ஐவர்மெக்டின் மாத்திரை நல்ல பலன் தருகிறது. இம்மருந்திற்கு வழிவகுத்த கண்டுபிடிப்பிற்காக வில்லியம் கேம்பெல், சதோஷி ஓமுரா ஆகியோருக்கு 2015ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு வழங்கப்பட்டது. வழக்கமாக நாம் ஒருவேளை மட்டும் உட்கொள்ளும் அல்பெண்டசோல் இப்புழுவை முற்றிலும் அகற்றும் என்று நம்பியிருக்க இயலாது.

இரண்டு எச்சரிக்கைகளை மனத்தில் கொள்வோம். ஐவர்மெக்டினை நாமாகவே வாங்கி உட்கொள்ளுதல் கூடாது. இக்கட்டுரையைப் படித்த அச்சத்தில், ஏற்கெனவே எடுத்துவரும் ஸ்டீராய்டு மருந்தைத் திடீரென நிறுத்துதலும் கூடாது. அதுவே பெருந்தீங்காக முடியலாம்.

மருத்துவர் நம் உடல்நல வரலாற்றைக் கேட்கும்போது இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தவறாமல் கூறுகிறோம். ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கவிருக்கும் நம் பெற்றோருக்காகவோ நமக்காகவோ இனி மற்றொரு செய்தியையும் சேர்த்துக் கூறுவோம்: “சிறுவயதில் மண்ணில் வெறுங்காலுடன் நடந்து வளர்ந்தோம், அதற்கான பரிசோதனை தேவைப்படுமா?”