மொங்கோலியாவின் குளிரும் மேய்ப்பரின் இழப்பும்

பாரிசும் உலான்பாத்தரும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில் அமைந்தவை. எனினும், பாரிசின் சனவரிச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 5 பாகை செல்சியசாக இருக்க, உலான்பாத்தரிலோ அது பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையையும் தாண்டித் தாழ்கின்றது. சமுத்திரங்களிலிருந்து நெடுந்தொலைவில், 1,500 மீற்றருக்கு மேற்பட்ட சராசரி உயரத்தில் மொங்கோலியா அமைந்திருப்பதும், மாரியில் சைபீரிய உயரமுக்கம் ஆதிக்கஞ் செலுத்துவதுமே இதற்குக் காரணங்களாம். யூலைச் சராசரியோ 17 பாகையளவுக்கு உயர்கின்றது. சொற்பமான மழையிற் பெரும்பகுதி கோடையிலேயே பெய்கின்றது.

அம்மழை பொய்ப்பின் புல் வளராது. மந்தைகள் மெலிந்த நிலையிலேயே மாரியை எதிர்கொள்கின்றன. பின்னர் பனியும் பனிக்கட்டியும் மேய்ச்சல் நிலத்தை மூட, அவை பட்டினியால் மடிகின்றன. இவ்வனர்த்தத்தை மொங்கோலியர் 'ட்சுட்' என்பர். 2009-2010 மாரியில் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் அழிந்தன.

இதனை இயற்கையின் சீற்றமென்று மட்டுங் கூறி நாம் அமைதல் பொருந்தாது. கூட்டுறவுப் பண்ணைகள் நிலவிய காலத்திலும் ட்சுட் நேர்ந்ததுண்டு. ஆயின், அன்று தீவனச் சேமிப்பும் தொழுவங்களும் போக்குவரத்தும் பொதுப் பொறுப்பாயிருந்தன. 1990களின் முற்பகுதியில் அப்பண்ணைகள் கலைக்கப்பட்டபோது மந்தையோடு ஆபத்தும் தனிக் குடும்பத்தின் உடைமையாயிற்று. மந்தையிழந்தோர் பலர் தலைநகரின் விளிம்பிற் கூடாரமிட்டு வாழ்கின்றனர். குளிரைத் தருவது புவியியல். அதன் சுமையை யார் தாங்குவதென்பதைத் தீர்மானிப்பது சமூக அமைப்பே என்பது எமது கருத்தாகும்.