பல்லில் ஒட்டும் பசை எலும்பில் ஒட்டாதது ஏன்?

குர்துபாவுக்கு அருகில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (936–1013), முப்பது பகுதிகள் கொண்ட தமது ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் இறுதிப் பகுதியை அறுவை சிகிச்சைக்கென ஒதுக்கினார். ஆடும் பற்களை உறுதியான பற்களோடு கம்பியால் பிணைக்கும் முறையை அதில் அவர் விளக்குகிறார். வெள்ளிக் கம்பி சில நாட்களில் நிறம் மாறிக் கெட்டுவிடும், தங்கமே சிறந்தது என்கிறார். விழுந்த பல்லுக்குப் பதிலாக மாட்டெலும்பில் செதுக்கிய பல்லைப் பொருத்தலாம் என்றும் குறிப்பிடுகிறார். இன்றைய மருத்துவமும் விடை தேடும் வினா ஒன்று இக்குறிப்பில் அடங்கியுள்ளது. உடலின் கடினத் திசுக்களை எதைக் கொண்டு இணைப்பது? கட்டுவதையும் திருகுவதையும் நாம் அறிவோம், ஒட்டுவது இயலுமா?

எனாமலும் அமிலமும்

பசை ஒரு பரப்பில் பிடிக்க வேண்டுமாயின், அது அப்பரப்பின் நுண்ணிய இடுக்குகளுக்குள் நுழைந்து இறுக வேண்டும். அல்லது பரப்பிலுள்ள அணுக்களோடு வேதிப்பிணைப்புக் கொள்ள வேண்டும். உடலில் இவ்விரண்டுக்கும் ஈரமே பெருந்தடை.

பல்லின் மேலுறையாகிய எனாமலின் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமமாகும். அதை உலர்த்துவது எளிது. 1955இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் பணியாற்றிய மைக்கேல் புவோனோகோர், வண்ணப்பூச்சு நன்கு பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் உலோகப் பரப்பைப் பாஸ்பாரிக் அமிலத்தால் பதப்படுத்துவதைக் கருத்திற்கொண்டார். 85 விழுக்காட்டு அமிலத்தை எனாமல் மீது 30 விநாடிகள் இட்டுக் கழுவினார். அமிலம் கனிமத்தைச் சீரற்று அரித்து எண்ணற்ற நுண்குழிகளை உண்டாக்கியது. அவற்றினுள் பாய்ந்து இறுகிய பிசின், வேர் ஊன்றியது போல் நிலைத்தது.

இதன் பயன் பெரிது. அதற்கு முன்னர் அடைப்பு விழாமல் நிற்பதற்காகவே நலமான பல்லையும் குடைந்து குழியை அகலப்படுத்த வேண்டியிருந்தது. ஒட்டும் முறை வந்தபின் சொத்தையை மட்டும் நீக்கினால் போதும் என்னும் நிலை உருவாயிற்று.

டென்டின் தந்த பாடம்

எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் வேறு தன்மையது. அதில் கனிமம் சுமார் 70 விழுக்காடே. எஞ்சியவை கொலாஜன் இழைகளும் நீரும். ஜப்பானிய ஆய்வாளர் நொபுவோ நகபயாஷி 1982இல் இதன் நுட்பத்தை விளக்கினார். அமிலம் கனிமத்தைக் கரைத்தபின் எஞ்சும் கொலாஜன் வலைக்குள் பிசின் ஊடுருவி இறுகும்போது, பல்லும் பிசினும் கலந்த ஓர் இடையடுக்கு உருவாகிறது. அளவுக்கு மீறி உலர்த்தினால் வலை சரிந்துவிடும். நீர் மிகுந்தாலோ பிசின் உட்புகாது. காலப்போக்கில் நீரும் நொதிகளும் அவ்வடுக்கைச் சிதைப்பதும் உண்டு.

1969இல் இலண்டனில் ஆலன் வில்சனும் பிரையன் கென்டும் வேறொரு வழி கண்டனர். கண்ணாடித் தூளையும் பாலிஅக்ரிலிக் அமிலத்தையும் குழைத்து அவர்கள் உருவாக்கிய ‘கிளாஸ் அயனோமர்’ சிமெண்ட், பல்லின் கால்சியத்தோடு நேரடியாக வேதிப்பிணைப்புக் கொள்கிறது, ஃபுளூரைடையும் வெளியிடுகிறது. மின்சாரமும் துளைக்கருவியும் இன்றி, கைக்கருவிகளால் சொத்தையைச் சுரண்டி அடைக்கும் முறை 1980களில் தான்சானியாவில் தொடங்கியது. பின்னர் அதற்குத் துணை நின்றது இந்தச் சிமெண்டே. பல்லைப் பிடுங்குவதன்றி வேறு வழியற்றிருந்த ஏழை மக்களுக்கு இது எத்தகைய அருட்கொடை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எலும்பின் நிலை

எலும்பில் இந்த வெற்றி இன்னும் கிட்டவில்லை. ஜான் சார்ன்லி 1950களின் இறுதியில் செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்தக் கையாண்ட ‘எலும்புச் சிமெண்ட்’ உண்மையில் பசையன்று. இடைவெளியை நிரப்பி இறுக்கும் காரை போன்றது. அதே காலத்தில் அமெரிக்காவில் எலும்பு முறிவுகளை ‘ஆஸ்டமர்’ என்னும் பாலியூரித்தேன் பசையால் ஒட்ட முயன்றனர். தொற்றும் தோல்வியும் மிகுந்து அது கைவிடப்பட்டது. தோல் காயங்களுக்குப் பயன்படும் சயனோஅக்ரிலேட் பசைகள் உடலுக்குள் சிதையும்போது திசுவுக்கு ஊறு விளைவிக்கக்கூடும்.

காரணம் ஈரமும் குருதியும் மட்டுமல்ல. இழந்த எனாமல் மீண்டும் வளராது. ஆகவே அங்குப் பசை நிலையாகத் தங்கலாம், தங்கவும் வேண்டும். எலும்போ தானே வளர்ந்து கூடும் இயல்புடையது. முறிந்த முனைகளுக்கிடையே நிலைத்துவிட்ட பசை, அவை கூடுவதைத் தடுக்கும் சுவராகிவிடும். சில வாரங்கள் உறுதியாகப் பற்றி, பின்னர் புதிய எலும்புக்கு இடம்விட்டு விலகும் பசையே இங்குத் தேவை.

இதற்கான தடயம் கடலில் கிடைத்தது. கலிபோர்னியக் கரையில் வாழும் ஒரு புழு, நீருக்கடியில் மணலை ஒட்டித் தனக்கு வீடு கட்டுகிறது. அதன் பசையில் பாஸ்போசெரின் என்னும் அமினோ அமிலம் மிகுந்துள்ளது. இதனைக் கால்சியம் பாஸ்பேட்டுடன் சேர்த்த கலவைகள் ஈரமான எலும்பிலும் பற்றுவதையும், விலங்குகளில் படிப்படியாக எலும்பால் பதிலீடு செய்யப்படுவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் எலும்பு முறிவுக்கான வழக்கமான சிகிச்சையாக இது இன்னும் மாறவில்லை. பல துண்டுகளாக நொறுங்கிய எலும்போடு வரும் நோயாளிக்கு இன்றும் தகடும் திருகாணியுமே துணை.

கம்பிக்கு உகந்த உலோகம் எது என்று ஆராய்ந்த அஸ்ஸஹ்ராவி, பொருளின் வலிமையை மட்டும் நோக்கவில்லை. உடலுக்குள் அது காலப்போக்கில் என்னவாகும் என்பதையும் நோக்கினார். இன்றைய பசை ஆய்வாளரின் முன்நிற்கும் வினாவும் அதுவே.