பேராசிரியர்கள் எதைத் தேடுகிறார்கள்?

கல்லூரியில் சேரவிருக்கும் மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "டீச்சர், நம் பள்ளியில் ஆசிரியைகளுக்குக் காலை முதல் மாலை வரை ஓய்வே இல்லை. பல்கலைக் கழகப் பேராசிரியர்களோ நாளுக்கு ஓரிரு மணி நேரந்தான் வகுப்பு எடுக்கிறார்களாமே! மற்ற நேரமெல்லாம் என்ன செய்வார்கள்?"

நல்ல கேள்வி. பெற்றோர் பலருக்கும் இந்த ஐயம் உண்டு. ஆகவே அதற்குரிய விடையைச் சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறேன்.

பள்ளியின் கடமை, அறிந்ததை அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பது. பல்கலைக் கழகத்திற்கு இன்னொரு கடமையும் உண்டு. இதுவரை யாரும் அறியாததைத் தேடிக் காண்பதே அது. அதையே ஆராய்ச்சி என்கிறோம். வகுப்பு நேரம் போக மீதி நேரத்தைப் பேராசிரியர் இதற்கே செலவிடுகிறார். வெள்ளை அங்கியும் கண்ணாடிக் குழாய்களும் இருந்தால்தான் ஆராய்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது. நம் சென்னைப் பல்கலைக் கழகத்தின் வரலாற்றிலிருந்தே சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

1857ஆம் ஆண்டு தோன்றிய இப்பல்கலைக் கழகம், தொடக்கத்தில் பெரும்பாலும் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிறுவனமாகவே விளங்கியது. இருபதாம் நூற்றாண்டில்தான் ஆராய்ச்சித் துறைகள் ஒவ்வொன்றாக வளர்ந்தன.

ஊரே ஆய்வுக்கூடம்

1915இல் இந்தியப் பொருளாதாரத்தின் முதற் பேராசிரியராக இங்கிலாந்திலிருந்து வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அவர் மாணவர்களை நூலகத்தில் மட்டும் உட்கார வைக்கவில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அந்த ஊரையே ஆராய்ந்து வரச் சொன்னார். நிலம் யாருக்குச் சொந்தம்? என்ன விளைகிறது? கூலி எவ்வளவு? கடன் எவ்வளவு? இப்படிக் கேட்டுக் கேட்டு எழுதி வந்த செய்திகள் 1918இல் நூலாக வெளிவந்தன. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான் போன்ற சிற்றூர்கள் அதில் இடம் பெற்றன.

ஆராய்ச்சி அத்துடன் முடிந்துவிடவில்லை. பின்னர் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மறுபடியும் ஆராய்ந்து 1940இல் நூல் வெளியிட்டனர். இருவேல்பட்டு போன்ற ஊர்களுக்குப் பிற்காலத்திலும் அறிஞர்கள் சென்றனர். ஒரே ஊரைத் திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான், உழவர் வாழ்வில் காலம் செய்த மாற்றம் கணக்காகத் தெரிந்தது.

கல்லும் சொல்லும்

1929இல் இந்திய வரலாற்றுப் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி. கோயில் சுவர்களிலே வெட்டப்பட்டுள்ள எழுத்துக்களை நாம் பார்த்தும் பாராமல் கடந்து விடுகிறோம். ஒருவர் விளக்கெரிக்க ஆடுகள் கொடுத்தார், ஓர் ஊர்ச் சபை குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது என்பன போன்ற செய்திகள் அவற்றில் உள்ளன. தனித்தனியே பார்த்தால் சிறு குறிப்புகள்! ஆனால் அத்தகைய குறிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, காலம் கணித்து, 1935இலும் 1937இலும் சோழர் வரலாற்றை இரு பகுதிகளாக அவர் எழுதி வெளியிட்டார்.

சொற்களைத் தேடியவர்களும் உண்டு. பல்கலைக் கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913இல் தொடங்கியது. அதன் முதற் பதிப்பாசிரியர் சாண்ட்லர் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ ஊழியர். 1926 முதல் அப்பொறுப்பை ஏற்று நிறைவேற்றியவர் பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை. ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதினால் மட்டும் போதாது. அது எந்த நூலில் எவ்வாறு ஆளப்பட்டது என்று சான்றும் காட்ட வேண்டும். இவ்வாறு ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட சொற்களைத் திரட்டி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் இணைப்புத் தொகுதியாகவும் வெளியிட்டனர். நாம் நொடியில் புரட்டிப் பார்க்கும் ஒரு சொல்லுக்குப் பின்னால் கால் நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது!

குறையிலிருந்து பிறந்த கேள்வி

அறிவியலுக்கு வருவோம். 1952இல் இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றபோது ஜி. என். ராமச்சந்திரனுக்கு வயது முப்பது. நம் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் கொலாஜன் என்ற புரதம் உள்ளது. அதன் அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பது அப்போது விடுவிக்கப்படாத புதிர். கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் படமெடுத்து, உடன் ஆராய்ந்த கோபிநாத் கர்த்தாவுடன் அவர் விடை தேடினார். மூன்று இழைகள் பின்னல்போல் ஒன்றையொன்று சுற்றிய அமைப்பு அது என 1954, 1955ஆம் ஆண்டுகளில் அறிவித்தார். தலைப் பின்னலை நாள்தோறும் பின்னும் உங்களுக்கு இது எளிதில் விளங்கும்.

ஆனால் அந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று வெளிநாட்டு அறிஞர்கள் குறை கூறினர். ராமச்சந்திரன் அந்தக் குறையையே புதிய கேள்வியாக்கினார். 'அப்படியானால் இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம்?' முன்பே அமைப்பு அறியப்பட்ட பல படிகங்களின் அளவுகளைத் திரட்டிப் பார்த்தார். அதன் பயனாக, புரத இழை எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும் என்று காட்டும் ஒரு படத்தை, தம் மாணவர்களான ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்டார். 'ராமச்சந்திரன் படம்' என்ற பெயரில் உலகெங்கும் புரதங்களை ஆராய்வோர் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றனர்.

விடைத்தாளில் சிவப்பு மையைக் கண்டதும் கண்ணீர் விடும் மாணவியர் இந்நிகழ்ச்சியை மனத்தில் கொள்ள வேண்டும்.

மதுரவாயல் தோட்டத்து அம்மையார்

இறுதியாக ஒரு பெண்மணி. 1897இல் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள், சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் கற்பித்தார். பெண்கள் எழுதப் படிக்கக் கற்பதே அரிதாயிருந்த நாளில், உதவித் தொகை பெற்றுக் கடல் கடந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகம் சென்று, 1931இல் அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூரில் கரும்பை வேறு புல்லினங்களுடன் கலந்து புதிய கலப்பினங்களை உண்டாக்கினார். பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்துக் கூறும் நூலை 1945இல் டார்லிங்டனுடன் சேர்ந்து வெளியிட்டார்.

1970இல், எழுபத்து மூன்றாம் வயதில், சென்னைப் பல்கலைக் கழகத் தாவரவியல் உயராய்வு மையத்திற்கு வந்தார். மதுரவாயலில் இருந்த அதன் ஆய்வுத் தோட்டத்திலேயே தங்கிச் செடிகளை ஆராய்ந்தார். 1984 பிப்ரவரியில் மறையும் வரை அவர் பணி ஓயவில்லை.

நாம் கற்பது என்ன?

ஊர், கல்வெட்டு, சொல், புரதம், செடி என்று இவர்கள் ஆராய்ந்த பொருள்கள் வேறு வேறு. எனினும் எல்லோரும் சென்ற வழி ஒன்றே. முதலில் தெளிவான ஒரு கேள்வி. பிறகு பொறுமையான தேடல். அதன் பின் சான்று காட்டி எழுதுதல். கடைசியாக, மற்றவர்கள் சோதித்துப் பார்க்கும்படி அதை அவர்கள் முன் வைத்தல். டாக்டர் பட்டத்திற்கான ஆய்வேட்டை வெளி அறிஞர்கள் மதிப்பிடுவதும், ஆய்வுக் கட்டுரையை இதழில் வெளியிடுமுன் வேறு அறிஞர்கள் படித்துப் பார்ப்பதும் இதற்காகவே.

பல்கலைக் கழகத்தில் 'துறை' என்கிறோம். ஆற்றில் இறங்கும் படித்துறைக்கும் அதுதானே பெயர்! எந்தத் துறையில் இறங்கினாலும் கால் நனைப்பது ஒரே ஆற்றில்தான். ஆகவே, 'அறிவியல் எடுத்தவர்களே அறிவாளிகள். வரலாறும் தமிழும் மதிப்பெண் குறைந்தவர்களுக்கு' என்ற பேச்சை இனியேனும் விட்டுவிடுவோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் "ஏன்?" என்று கேட்கும்போது, "வாயாடாதே" என்று அடக்கி விடாதீர்கள். "பட்டம் வாங்கியாயிற்று, படித்தது போதும்" என்று அவசரப்பட்டு முடிவு கட்டியும் விடாதீர்கள். தாலந்தை மண்ணிலே புதைத்து வைத்த ஊழியனை அவன் தலைவர் பாராட்டவில்லை என்பது நாமெல்லாம் அறிந்ததே. அந்தத் தாலந்து ஒரு பெண்ணின் கேள்வியாகவும் இருக்கலாம் அல்லவா?

மாணவச் செல்வங்களே! பேராசிரியர் மற்ற நேரமெல்லாம் என்ன செய்கிறார் என்று உங்கள் தோழி கேட்டாள். அவர் இன்னும் மாணவராகவே இருக்கிறார் என்பதே என் விடை. இப்பள்ளியை விட்டுச் செல்லும்போது சான்றிதழோடு ஒரு கேள்வியையும் எடுத்துச் செல்லுங்கள். அதற்கு விடை காணும் உறுதியை இறைவன் உங்களுக்கு அருள்வாராக!